சாதாவா, பவரா?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால், மீட்டரில் பூஜ்யம் பார்க்கச் சொல்வதற்கு முன்பே அந்தப் பையன் கேட்டுவிடுகிறான்: "சாதாவா, பவரா?" புதுக் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் பவர் என்கிறார்கள். பிள்ளைக்கு ஒசத்தியான பாலாகப் பார்த்து வாங்கும் மனசு அது. மாதக் கடைசியில் அவர்களே சாதாவுக்கு இறங்கிவிடுகிறார்கள். லிட்டருக்குக் கூடக் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

நான் ஒரு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஆக்டேன் எண்ணை அளக்கும் ஒரு இன்ஜின் முன்னால் கழிந்தது. சாதாவையும் பவரையும் பிரிப்பதில் முதல் இடம் அந்த எண்ணுக்குத்தான். அது பிறந்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த நூறு ஆண்டுகளில் கூடுதல் காசு கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு காலத்திலும் கிடைத்தது வேறு வேறு பொருள். சில காலம் அது நிஜமான மருந்தாக இருந்தது. நெடுங்காலம் விஷமாகவும் இருந்தது.

நோயிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் அப்பா மதுரையில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். கொடைக்கானல் சவாரியில் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், கியரை மாற்றாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்ஜினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் அடிப்பது மாதிரி சத்தம் கேட்கும். "தட்டுதும்மா, கேட்டியா?" என்பார், உடனே கியரைக் குறைப்பார். ஊருக்குத் திரும்பியதும் மெக்கானிக் டெல்கோ எனும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பொறி விழும் டைமிங்கைப் பின்னால் தள்ளி வைப்பார். அந்தத் தட்டலுக்குத்தான் உலகம் முழுக்க நாக்கிங் என்று பெயர்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. பிளக்கில் பொறி விழுந்ததும் தீ ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பரவ வேண்டும். ஆனால் மறுமூலையில் காத்திருக்கும் கலவை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல், தீ வந்து சேர்வதற்குள் தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்வு உலோகத்தில் மோதும் சத்தமே தட்டல். நாள்பட விட்டால் பிஸ்டன் தலையே ஓட்டையாகும். கலவையை எவ்வளவு இறுக்கி அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு ஒரே லிட்டரில் அதிக வேலை வாங்கலாம். அந்த இறுக்கத்துக்கு இயற்கை போட்ட முட்டுக்கட்டைதான் தட்டல்.

1912-இல் கெடிலாக் கார்களுக்கு மின்சார ஸ்டார்ட்டரைக் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். நம்மூர் மெக்கானிக்குகள் வாயில் புழங்கும் டெல்கோ, ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் அவர் நடத்திய கம்பெனியின் பெயர். கார்கள் தட்ட ஆரம்பித்தபோது, அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பழி விழுந்தது. பழியைத் துடைக்க, தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரை ஆராய்ச்சியில் இறக்கினார். குற்றம் பொறியில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது என்று மிட்ஜ்லி கண்டுபிடித்தார். பிறகு தட்டலை அடக்கும் பொருளைத் தேடி ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கலந்து பார்த்தார். அயோடின் வேலை செய்தது, அனிலின் வேலை செய்தது. ஆல்கஹாலும் வேலை செய்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தை ஊற்றினார்கள். ஒரு கேலனுக்குச் சில மில்லிலிட்டர் போதும், தட்டல் அப்படியே நின்றது.

1923 பிப்ரவரி 2 அன்று டேட்டன் நகரின் ஒரு பங்கில் ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பெயர் எத்தில். பெயரில் ஈயத்தைச் சொல்லும் பாதியை விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டார்கள். சாதா பெட்ரோலைவிட கேலனுக்குச் சில சென்ட் அதிகம். அதே ஆண்டு இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் எத்தில் ஊற்றி ஓடியவை. அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்? ஒரே பங்கில் இரண்டு விலையில் இரண்டு பெட்ரோல் என்ற வியாபாரம் இப்படித்தான் வேர்விட்டது.

அந்த ஆரம்ப நாட்களில் ஈயத் திரவத்தைப் பங்கிலேயே ஒரு சிறு கருவி வழியாகக் கலந்து கொடுத்தார்கள். பங்க் ஊழியர்களின் கை அதில் பட்டது. டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கக்கூடியது, மூளையைத் தாக்கக்கூடியது. ஈயம் விஷம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி இல்லை. ரோமானியர் காலத்திலிருந்து தெரிந்த விஷயம் அது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்தத் திரவத்தைத் தயாரித்துவந்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. கண்ணுக்குத் தெரியாத எதையோ பிடிக்கப் பாய்ந்தார்கள், கத்தினார்கள், கட்டிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். டேட்டனிலும், அதே நியூ ஜெர்சியின் டீப்வாட்டரிலும் நடந்த சாவுகளைச் சேர்த்தால் எண்ணிக்கை பத்தைத் தாண்டும். டீப்வாட்டர் தொழிலாளர்கள் தங்கள் கட்டடத்துக்குப் பட்டாம்பூச்சி வீடு என்று பெயர் வைத்திருந்தார்கள். இல்லாத பூச்சிகளை விரட்டிக் கை வீசியவர்களைப் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அது. பேவே சாவுகளுக்குப் பிறகு மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார், ஆவியை முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஈய நஞ்சு ஏறி அவரே புளோரிடாவில் ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மேடைக் காட்சியை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஹார்வர்டில் ஆசிரியப் பணியில் அமர்ந்த முதல் பெண்ணான ஆலிஸ் ஹாமில்டன் அங்கே எழுந்து ஈயத்தை எதிர்த்தார். தொழிற்சாலை நஞ்சுகளை அவர் அளவுக்கு அறிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை. தொழிலாளர்களை வேண்டுமானால் காப்பாற்றலாம், தெருவில் நடப்பவர்களை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் அவர் பக்கம் நின்றார். மாநாட்டுக்குப் பின் அமைத்த குழு ஒன்று குறுகிய கால ஆய்வை நடத்தி, தடை செய்ய வலுவான காரணம் இல்லை என்று 1926-இல் அறிக்கை கொடுத்தது. நிறுத்திவைத்திருந்த எத்தில் மறுபடி பங்குகளுக்கு வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுக்கக் கார்களின் புகைக்குழாய் வழியே ஈயம் வெளியே வந்துகொண்டிருந்தது. மாற்றாக நின்ற ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதற்குக் காப்புரிமை வாங்கி ஒரே கம்பெனி சம்பாதிக்க வழியில்லை. ஆல்கஹால் ஓரங்கட்டப்பட்டதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே 1926-இல் எத்தில் நிறுவனத்தின் வேதியியலர் கிரஹாம் எட்கர் ஒரு நல்ல காரியம் செய்தார். எந்தப் பெட்ரோல் தட்டும், எது தட்டாது என்று சொல்ல அதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. எட்கர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். தட்டலை அருமையாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100. உடனே தட்டிவிடும் ஹெப்டேனுக்கு 0. ஜெஃப்ரி என்ற பைன் மரத்தின் பிசினிலிருந்து வடித்த ஹெப்டேன் அன்றைக்குத் தூய்மையாகக் கிடைத்தது. 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோல் என்று பொருள். எரிசக்தி எவ்வளவு, சுத்தம் எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்பதைப் பற்றி இந்த எண் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்து இன்ஜின் அந்த எண்ணை அளக்கவே செய்யப்பட்டது. ஒரே சிலிண்டர். ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைச் சுற்றி சிலிண்டரை ஏற்றி இறக்கலாம். ஏற்றினால் அழுத்தம் குறையும், இறக்கினால் கூடும். 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் வடிவமைத்த இயந்திரம், உலகின் சுத்திகரிப்பு ஆலைகளில் இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் ஓடுகிறது. ரிசர்ச் முறையில் நிமிடத்துக்கு 600 சுற்று. மோட்டார் முறையில் 900 சுற்று, கலவையையும் 149 டிகிரி வரை சூடாக்கிக் கடினமாகச் சோதிப்போம். ஒரு கிண்ணத்தில் சோதிக்க வேண்டிய பெட்ரோல், பக்கத்துக் கிண்ணங்களில் எண் தெரிந்த இரண்டு கலவைகள். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. வால்வைத் திருப்பி ஒவ்வொன்றாகக் கொடுத்து, தட்டலைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வோம். மீட்டர் இருந்தாலும் காது பழகிவிடும். முள் நகர்வதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். கொடைக்கானல் மலையில் கேட்ட அதே சத்தம்தான்.

இந்த இரண்டு முறைகளால் வரும் குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். என் மகள் நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறாள். நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காத மாநிலம் அது. நம்மூர் மாதிரியே ஆள் வந்து, ரெகுலரா பிரீமியமா என்று கேட்கிறார். மருமகன் என்னிடம் கேட்டார்: "அத்தை, இங்க ரெகுலர் 87தான். நம்ம ஊர்ல சாதாவே 91. அப்ப நம்ம பெட்ரோல்தான் ஒசத்தியா?" இல்லை மாப்பிள்ளை, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன். இந்தியாவில் எழுதுவது ரிசர்ச் எண். அமெரிக்கப் பங்கில் எழுதுவது ரிசர்ச், மோட்டார் இரண்டின் சராசரி. அதனால் அங்கே எண் நான்கைந்து குறைவாகத் தெரியும். எடிசனிலிருந்து நெவார்க் விமான நிலையத்துக்கு டர்ன்பைக் சாலையில் போகும்போது பேவே ஆலையைக் கடந்து போகிறோம். அந்த ஐந்து பேரைப் பற்றி அன்று காரில் இருந்தவர்களுக்குச் சொன்னேன். அந்த வழியாக வாரந்தோறும் போய்வருபவர்கள், யாருக்கும் அதற்குமுன் தெரியாது.

அமெரிக்காவில் பிரீமியம் நிஜமாகவே தேவைப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1950, 60-களின் பெரிய வி-8 இன்ஜின்களில் பலவற்றுக்குச் சாதா பெட்ரோல் போதவில்லை. பிறகு 1975-இல் வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பொருத்திய கார்கள் வந்தன. ஈயம் பட்டால் அது செத்துவிடும். எனவே ஈயம் இல்லாத பெட்ரோல் கட்டாயமாயிற்று, இன்ஜின்களின் அழுத்தத்தையும் குறைத்தார்கள். தேவை போயிற்று, பழக்கம் மட்டும் போகவில்லை. 1990-களில் அமெரிக்க வர்த்தக ஆணையம் எக்ஸான் நிறுவனத்தின் பிரீமியம் விளம்பரங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. பெரும்பாலான கார்களுக்கு ரெகுலரே போதும் என்று எக்ஸானே தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுப்பது என்று 1997-இல் சமரசம் ஆனது. அதன்பிறகும், ரெகுலர் போதுமான கார்களுக்குப் பிரீமியம் ஊற்றி ஒரே ஆண்டில் 210 கோடி டாலர் வீணாக்கினார்கள் என்று 2016-இல் அந்த நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் கணக்குச் சொன்னது.

நம் நாட்டுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 87, 93 என்று இரண்டு தரம். அம்பாசடருக்கு 87 தாராளம். 93 வேண்டுமானால் பங்கைத் தேடிப் போக வேண்டும். இரண்டிலும் ஈயம் இருந்தது. ஹாமில்டன் எச்சரித்து அறுபது ஆண்டு கழித்தும் நாங்கள் அதே திரவத்தைக் கலந்துகொண்டிருந்தோம். கையுறை, முகமூடி, காற்றோட்டம் என்று ஆலைக்குள் கட்டுப்பாடு கறாராக இருந்தது. வெளியே மவுண்ட் ரோடு சிக்னலில் நின்ற குழந்தைக்கு எந்த முகமூடியும் இல்லை.

பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன்தான், நம்மைச் சுற்றியிருக்கும் ஈயத்தில் பெரும்பகுதி மனிதன் கொட்டியது என்று 1965-இல் எழுதினார். பால்பற்களில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகள் படிப்பில் பின்தங்குவதை 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மேன் காட்டினார். இந்தியாவில் 1994 ஜூனில் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் ஈயத்தின் அளவைக் குறைத்தார்கள். 1995 ஏப்ரல் 1 முதல் அந்த நான்கு நகரங்களின் புதுக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும், அவற்றுக்காக ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தன. அந்தச் சில ஆண்டுகள் புதுக் கார்க்காரர்கள் ஊருக்குப் போகவே யோசித்தார்கள். சென்னையில் கிடைத்த பெட்ரோல் வழியில் எல்லா ஊரிலும் கிடைக்காது, ஒருமுறை ஈயப் பெட்ரோலை ஊற்றினாலும் கன்வர்ட்டருக்குக் கேடு. பழைய அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கோ வேறு பயம். ஈயம் இல்லாவிட்டால் வால்வு சீட்டிங் தேய்ந்துபோகும் என்று அப்பாவின் கூட்டாளிகள் என்னிடம் வந்து கேட்டதுண்டு. 2000 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் ஈயம் நின்றது. என் வேலையில் நான் மிகப் பெருமைப்படும் நாள் அது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்.

ஈயம் போன கையோடு பவர் வந்தது. 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரத் பெட்ரோலியம் ஸ்பீடு என்றும், இந்துஸ்தான் பெட்ரோலியம் பவர் என்றும், இந்தியன் ஆயில் எக்ஸ்ட்ரா பிரீமியம் என்றும் விற்க ஆரம்பித்தன. இன்ஜினைச் சுத்தப்படுத்தும் சேர்மானங்கள் உள்ளவை என்று சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் மக்கள் கூடக் கொடுத்தது பெரும்பாலும் வேறொன்றுக்காக என்று நான் நம்புகிறேன். அது கலப்படப் பயம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இருந்த விலை வித்தியாசம் அப்படி. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு, கொஞ்சம் கலந்தாலே வண்டி தட்டும். விலை கூடிய பெட்ரோலில் கலப்படம் இருக்காது என்று ஜனங்கள் நினைத்தார்கள். மண்ணெண்ணெய்க் கலப்படத்தின் பின்னால் இருந்த கும்பல்கள் எப்படிப்பட்டவை என்பது 2005 நவம்பரில் நாட்டுக்குத் தெரிந்தது. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்படம் செய்த பங்கை மூடி நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. எண்ணெய்த் துறையில் இருந்த எங்களில் பலருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் சாதா பெட்ரோலே உயர்ந்துவிட்டதைப் பலர் கவனிக்கவில்லை. 87-இலிருந்து 88, பிறகு 91. பாரத் ஸ்டேஜ் 2, அதாவது பி.எஸ் 2, மாசு விதிகளில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பி.எஸ் 6 பெட்ரோலில் வெறும் 10. அந்த வேலையைச் செய்யச் சுத்திகரிப்பு ஆலைகள் புதுப்புது அலகுகளைக் கட்டின. இன்றைய சாதா பெட்ரோலின் தரத்தை என் அப்பா காலத்து 93 எட்டியிருக்காது.

2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியது. டெல்லியில் சாதா 82 ரூபாய்ச் சுமாருக்கு விற்ற நேரத்தில் அதன் விலை லிட்டர் 160. அதிவேக இறக்குமதிக் கார்களுக்கும் பைக்குகளுக்கும் அது சரி. கூடுதல் காசில் ஒரு பகுதி வரிக்கும் போகிறது. 2021 பட்ஜெட்டில் அடிப்படைக் கலால் வரி சாதாவுக்கு லிட்டருக்கு 1.40 ரூபாய், பெயர் வைத்து விற்கும் பெட்ரோலுக்கு 2.60 ரூபாய் என்று வைத்தார்கள்.

மிட்ஜ்லி ஒதுக்கிய ஆல்கஹால் இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2022-இல் பத்து சதவீதம், 2025-இல் இருபது சதவீதம் எத்தனால். அதன் சொந்த ஆக்டேன் எண் 108 அளவில் இருப்பதால், இருபது சதவீதம் கலந்த சாதா பெட்ரோலின் எண் 95-க்கு வந்துவிட்டதாக அரசே சொல்கிறது. பவர் என்று 95-க்குக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எனவே மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 1925-இல் எழுந்த கேள்விகளுக்குக் காது கொடுக்காததன் விலை நமக்குத் தெரியும். இன்று எத்தனால் பற்றிக் கேட்பவர்களுக்கு எண்ணெய்க் கம்பெனிகளும் கார்க் கம்பெனிகளும் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் காருக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. பெட்ரோல் மூடியின் உட்புறத்தையோ வண்டியோடு வந்த கையேட்டையோ பாருங்கள். 91 போதும் என்று எழுதியிருந்தால் சாதா போடுங்கள், அதற்கு மேல் ஊற்றுவதால் இன்ஜினுக்குக் கூடுதல் வலு வராது. 95 கட்டாயம் என்று எழுதியிருந்தால் மாதக் கடைசியிலும் அதையே போடுங்கள். 95 நல்லது என்று மட்டும் எழுதியிருந்தால் 95-க்குக் குறைந்த சாதாவிலும் ஓடும், தட்டலை உணரும் சென்சார் டைமிங்கைத் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், மலைச் சாலையில் மட்டும் இழுவை கொஞ்சம் குறையும். எதைப் போட்ட பிறகும் வண்டி தட்டினால், கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கும் வடிதாள் சோதனையைப் பங்கில் கேளுங்கள். கேட்பவருக்கு அதைச் செய்து காட்டுவது பங்க்காரரின் கடமை.

எஞ்சும் காசில் டயருக்குக் காற்று பாருங்கள், சொன்ன காலத்தில் இன்ஜின் ஆயில் மாற்றுங்கள்.